பொலிஷ் அறையில் பிறந்த டாங்கோ: லா ஷோ-து-ஃபோனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

டாங்கோவுக்குப் பாட்டு வரிகள் இருக்கின்றன. இது உங்களுக்கு முன்பே தெரியும் என்றால் நீங்கள் என்னைவிட நல்ல பிள்ளை. எனக்குத் தெரியாது. வாயில் ஒரு ரோஜாப்பூ, மேலே ஒரு மின்விசிறி, இரண்டு பேர் கோபத்தோடு கட்டிப்பிடித்து நடப்பார்கள், அவ்வளவுதான் டாங்கோ என்று பதினேழு வயது வரை நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான் மாட்டிக்கொண்டேன். சுவிஸில் எங்கள் ஓல்டன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்குப் போகும் முன் எல்லாரும் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நான் கொடுத்த தலைப்பு: ‘டாங்கோப் பாடல் வரிகளும் தொழிலாளர் அடையாளமும்’. திட்டம் மிக எளிமையானது. பத்து வரி எழுதுவேன். “தேடிப் பார்த்தேன், டாங்கோவில் வரிகளே இல்லை, நன்றி, வணக்கம்” என்று முடிப்பேன். வாத்தியார் தலைப்பைப் படித்தார். கண் கலங்காத குறை. அடுத்த நாள் ஒரு துணிப்பை நிறையப் பாட்டுகளை மொழிபெயர்ப்போடு கொண்டுவந்து மேசையில் கொட்டினார். முதல் அதிர்ச்சி.

வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

“என்ன தாங்கோ? ஆரிட்டத் தாங்கோ எண்டு கேக்கிறாய்?”

“தாங்கோ இல்லையம்மா, டாங்கோ. ஒருத்தரும் ஒண்டும் தரேல்ல.”

அந்த நேரம் பார்த்து, வழக்கம்போல மாமா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமா அம்மாவின் தம்பி. லா ஷோ-து-ஃபோனில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் கடிகாரத்தின் உலோக உறைகளை மினுக்கும் பகுதியில் வேலை. அங்கே எல்லாரும் அதை ‘பொலிஷ்’ என்றுதான் சொல்வார்கள். (போலந்து மொழி அல்ல. நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன்.) அம்மா சிரித்துக்கொண்டே என் தலைப்பைச் சொல்ல, மறுபக்கத்தில் மாமா சிரிக்கவில்லை.

“அக்கா, அவளை வாற ஞாயிறு இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட வேலையாக்கள் டாங்கோ பாடுறவை. நானும் பாட வேணும்.”

அம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. இரண்டாவது அதிர்ச்சி.

இனிப் பயணம். ஓல்டனிலிருந்து பகல் பன்னிரண்டு மணி கழிந்ததும் பீலுக்கு ரயில் ஏறினோம். பீலில் இறங்கி, எதிர்ப்பக்க மேடையில் லா ஷோ-து-ஃபோன் ரயில். எல்லாமாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். அரைக்கட்டண அட்டை இருந்தால் போய்வர முப்பத்தைந்து பிராங்குக்குள் முடியும். நாள் அட்டையை முன்கூட்டியே எடுத்தால் இன்னும் குறையலாம், பார்த்து எடுங்கள். பீலைத் தாண்டியதும் ரயில் மலையில் ஏறும். ஏற ஏற, நிலையப் பலகைகளில் ஜெர்மன் உதிர்ந்து பிரெஞ்சு முளைக்கும். எங்கள் பக்கம் இலை உதிர்ந்துகொண்டிருந்தது, அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அம்மா பொரித்த ரோல்ஸ் இருந்த டப்பாவைத் திறந்ததும் ரயில் பெட்டி முழுவதும் வாசம். எதிரே இருந்த பெரியவர் தன் சாண்ட்விச்சை மிகுந்த கவலையோடு பார்த்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தோம்.

நிலையத்துக்கு வெளியே இன்னோர் அதிர்ச்சி. இந்த ஊரின் தெருக்கள் எல்லாம் சதுரக் கொப்பியில் கோடு போட்டது மாதிரி நேர்நேராகப் போகின்றன. மணிக்கூடு செய்கிறவர்களின் மேசைக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்று வீடுகளையும் தோட்டங்களையும் அப்படி வரிசையாக வைத்தார்களாம். வெளிச்சத்துக்கு நல்லது. வழி கேட்கிறவர்களுக்கு நரகம். நின்றிருந்த பஸ்ஸில் சாரதியிடம் இடத்தைச் சொன்னேன்.

“நேரே மேலே போ” என்றார்.

“எந்தத் தெரு?”

“எல்லாத் தெருவும் ஒரே மாதிரித்தான். உன் அம்மாவுக்கு எங்கே மூச்சு வாங்குதோ, அங்கே இடது பக்கம் திரும்பு.”

ஒரு கிலோமீற்றர் கூட இல்லை, ஆனால் முழுக்க ஏற்றம். சாரதி சொன்னது அச்சொட்டாகச் சரி. அம்மா இடுப்பில் கை வைத்த இடத்தில் இடப்பக்கம் திரும்பினோம், மாமா மண்டப வாசலில் நின்றார்.

மாமா கோட் போட்டிருந்தார். கலியாண வீட்டுக்கே குளிர் ஜக்கெட்டோடு வருகிற மனிதர், சப்பாத்தில் முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கியிருந்தார். மாமிக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை, அதனால் தனியாக வந்திருந்தார். உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. சோதனை மண்டப வாசலில் என் வகுப்புப் பிள்ளைகள் நிற்கிற அதே கோலம்.

“மாமா, பயமோ?”

“பயமில்லை மருமோள். பாட்டை மறந்திடாமல் சொல்லிப் பாக்கிறன்.”

இடம் ஒரு பழைய பட்டறை. இப்போது சங்க மண்டபம். சுவர் முழுக்க ஜன்னல். நுழைவுக்குப் பத்துப் பிராங், கோப்பி அதற்குள் அடக்கம், கேக் அவரவர் வீட்டிலிருந்து. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும். உள்ளே போனால் பத்துப் பதினைந்து சோடிகள், கன்னத்தோடு கன்னம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நித்திரையில் நடப்பது போலச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் மாமாவின் வேலையிடத்துச் சனம்.

“பிள்ளை, அங்கால பாக்காதை” என்றார் அம்மா. தான் மட்டும் நன்றாகப் பார்த்தார்.

மூலையில் ஜோர்ஜ் என்கிற போர்த்துக்கல்காரர் மடியில் ஒரு துருத்திப் பெட்டியை வைத்து இழுத்து இழுத்து வாசித்தார். ஆர்மோனியத்துக்கு மூச்சு முட்டினால் வருகிற சத்தம். ஆனால் ஏதோ செய்யும் சத்தம். அம்மாவுக்கும் ஏதோ செய்திருக்க வேண்டும். கோவில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்கும்போது ஆடுவது மாதிரி அவருடைய தலை மெல்ல மெல்ல ஆடத் தொடங்கியது. எதிர்ச் சுவர்ப் பக்கமிருந்து ஒரு நரைத்த மனிதர் எழுந்தார், கோட்டை இழுத்துவிட்டார், புன்னகையோடு நேரே எங்களை நோக்கி நடந்து வந்து அம்மாவின் முன்னால் கையை நீட்டினார்.

அம்மா என் கையை நுள்ளிய அடையாளம் மூன்று நாள் இருந்தது.

மாமா பாய்ந்து வந்து அவரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார்: “அக்கா, இஞ்ச வாய் திறந்து ஆடக் கூப்பிடுறேல்ல. தூரத்தில நிண்டு கண்ணால கேப்பினம். தலையை ஆட்டினா ஓம் எண்டு அர்த்தம்.”

“அடப்பாவி, அதை வாசல்லயே சொல்ல மாட்டியோ?”

அதன்பிறகு அம்மா கழுத்துக்குப் பத்துப் போட்டது மாதிரித் தலையை அசைக்காமல் இருந்தார். தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: எங்கள் ஆட்கள் டாங்கோ மண்டபத்தில் பாட்டை ரசிப்பதானால் கால்விரலால் மட்டும் ரசிக்கவும்.

பிறகு நோர்மா வந்து எங்கள் மேசையில் அமர்ந்தார். ஆர்ஜென்டினாக்காரி. மாமா வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பக்கத்து மேசையில் உறை மினுக்கியவர். ஓய்வு பெற்றுவிட்டார், செவ்வாய்க்கிழமை ஒரேயடியாக ஊருக்கு, மகளிடம் போகிறார். குட்டையான உருவம், பெரிய தோடு, அதைவிடப் பெரிய சிரிப்பு. நான் என் கட்டுரைக் கேள்வியை எடுத்தேன். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன், அதுதான் பொருத்தம்.

“டாங்கோ எண்டா காதல் எண்டு ஆர் சொன்னது? காதல் பாதி. மிச்சத்தைக் கேள். வாடகை கட்டேல்ல எண்டு கட்டிலைத் தூக்கி வெளிய போட்டிட்டாங்கள், அதுக்கு ஒரு பாட்டு. குளிர் காலத்தில கோட்டை அடகு வைச்சிட்டன், அதுக்கு ஒரு பாட்டு. கூட்டாளி கையை விட்டிட்டான், அம்மா உடுப்புத் தோச்சுத் தோச்சுச் செத்துப்போனா, எல்லாத்துக்கும் பாட்டு.”

“ஆர் எழுதினது?”

“கப்பலால வந்து இறங்கின சனத்தின்ர பேச்சில எழுதினது. துறைமுகத்தில மூட்டை தூக்கினவன், இறைச்சி வெட்டினவன், ஒரு முற்றத்தைச் சுத்திப் பத்துக் குடும்பமா இருந்தவை. இத்தாலியன், ஸ்பானியன் எல்லாம் கலந்து தங்களுக்கெண்டு ஒரு பேச்சு வைச்சிருந்தினம். ஒஃபீஸ்காரருக்கு அது விளங்காது. விளங்கினவைக்கு வெக்கம். அதுதான் எங்கட ஆக்கள் அந்தச் சொல்லுகளையே பொறுக்கிப் பாட்டில போட்டு இன்னும் சத்தமாப் பாடினவை.”

என் பேனை நின்றுவிட்டது. போன வருடம் என் வகுப்புக்குச் சென்னைப் பையன் ஒருவன் வந்தான், அப்பா கணினி வேலை. எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவன், அம்மா “நாளைக்கு ஃபைராபிக்குப் பிறகு கதைப்பம், அதுக்கு முந்தி ஷெஃப் நிப்பான்” என்று, வேலை முடியும் நேரத்தையும் மேலாளரையும் ஜெர்மனில் கலந்து தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: “உங்க வீட்ல பேசுறது என்ன மொழி?” நான் அன்று முழுவதும் அவனோடு நல்ல தமிழ் பேசிக் காட்டினேன். இங்கே ஒரு பெண் உட்கார்ந்து, எங்கள் மாதிரிச் சனம் இந்த மாதிரிப் பேச்சில் பாடி ஓர் உலகத்தையே ஆட வைத்தார்கள் என்கிறார். அதிர்ச்சியை எண்ணுவதை அந்த இடத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்துத்தான் விஷயம். மாமாவின் பொலிஷ் அறைக்கு ஒரு பாட்டு இருக்கிறது. மெட்டு நோர்மாவுடையது. அந்த மேசைகளில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் தன் மொழியில், தன் வேலையைப் பற்றி இரண்டு நாலு வரியில் ஓர் அடி சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். போர்த்துக்கீசில் ஜோர்ஜின் அடி, அல்பேனியத்தில் ஒருவருடையது, இத்தாலியத்தில் ஒருவருடையது. மாமாவின் அடி மட்டும் இத்தனை வருடமாக இல்லை. அவருடைய முறை வரும்போது யாரும் பாடுவதில்லை, ஜோர்ஜின் பெட்டி மட்டும் வாசிக்கும். இன்று முழுப் பாட்டையும் தன் தொலைபேசியில் பதிந்து நோர்மா கொண்டுபோகப் போகிறார். இன்று பாடாவிட்டால் மாமாவின் இடம் வார்த்தை இல்லாமலே கடல் தாண்டும்.

“இண்டைக்கு விட்டா பிறகு இல்லை, மருமோள். அந்த மனுசி எனக்கு மெசின் பழக்கினது. ஒரு அடி கூடக் குடுக்காமல் அனுப்பினா நான் என்ன மனுசன்?” என்று மாமா என் காதில் சொன்னார்.

பாட்டுத் தொடங்கியது. எல்லாரும் ஆட்டத்தை விட்டுச் சுற்றி நின்றார்கள். மாமாவின் முறை. மாமா முன்னே போய், கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்திப் பாடினார்:

*காலமெனும் கன்னியே, கனகமணித் தேரிலே*
*ஞாலமெலாம் வலம்வரும் ஞாயிறே நீ வாழ்கவே!*

இது பொலிஷ் அறையா, பரிசளிப்பு விழாவா? நம்மவர்களிடம் ஒரு பேனையைக் கொடுத்தால் போதும், சமையல் குறிப்புக் கூட வாழ்த்துப்பாவாக வெளிவரும். ஜோர்ஜ் என்னைப் பார்த்து, மொழிபெயர்க்கச் சொன்னார். நான் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் தொடங்கினேன்: “ஓ, காலம் என்கிற கன்னிப் பெண்ணே... தங்கத் தேரில்...”

“தேர் எது?” என்றார் ஜோர்ஜ், மிகவும் உண்மையாக. “நாங்கள் மினுக்கும் சக்கரமா?”

சிரிப்பு என்னை மீறி வந்துவிட்டது. மண்டபமும் சேர்ந்து சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மாமாவின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. நோர்மா மட்டும் சிரிக்கவில்லை.

“வடிவாத்தான் இருக்கு. இதில நீ எங்க நிக்கிறாய்?” என்று கேட்டார்.

மாமா மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டார். ஜோர்ஜ் நோர்மாவைப் பார்த்தார். நோர்மா பெருமூச்சு விட்டு, “சரி, பெட்டி மட்டும் வாசிக்கட்டும்” என்றார்.

அப்போது எழுந்தவர் அம்மா. கைப்பையை என் மடியில் எறிந்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் மாமா கோட்டோடு உட்கார்ந்திருந்தார். தோளில் பனி.

“எழும்படா.”

“விடுங்கோ அக்கா. எனக்கு வராது.”

“ஒவ்வொரு நாளும் வேலையால வந்து எனக்கு ஃபோன் எடுத்து என்னடா சொல்லுவாய்?”

“என்ன சொல்லுறது... சும்மா குறைதானே.”

“அந்தக் குறையைப் பாடு.”

“அதையோ? அதெல்லாம் ஒரு தமிழோ அக்கா? சனம் கேட்டாச் சிரிக்கும்.”

“இஞ்ச எங்க சனம்? நானும் இவளும்தான். இவள் எப்பிடியும் சிரிக்கிறவள், இவளை விடு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். கொஞ்சம் இளகினார். அம்மா விரல் விட்டுத் தொடங்கினார்: மூக்கைச் சீறினால் கறுப்பாக வருகுது என்று சொல்வாயா இல்லையா? எத்தனை சவர்க்காரம் போட்டாலும் சோறு பிசைந்தால் அந்தக் களிம்பு மணம் என்பாயா இல்லையா? மாமா தலையைத் தலையை ஆட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்:

“உங்களுக்குச் சொல்லாத ஒண்டும் இருக்கு. போன மாசம் விசா அட்டை புதுப்பிக்கப் போனனான். கண்ணாடியில விரலை வைக்கச் சொன்னவை. மெசின் எடுக்கேல்ல. அந்தப் பிள்ளை கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்திட்டு, ‘ஐயா, உங்களுக்கு ரேகை இல்லை’ எண்டிச்சு. உறையோட சேத்து அதையும் மினுக்கிப்போட்டன் அக்கா.”

அம்மா அவருடைய கையைப் பறித்து, வெளிச்சத்தில் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருந்தன. அந்தக் கையால் எத்தனையோ வருடப்பிறப்புக்கு எனக்குக் கைவிசேஷக் காசு தந்திருக்கிறார். ஒருநாளும் பார்த்ததில்லை.

“உள்ள வா” என்றார் அம்மா. பிடித்த கையை விடவில்லை.

மாமா உள்ளே போனார். நெஞ்சை நிமிர்த்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டவில்லை. கதைப்பது மாதிரிப் பாடினார், ஜோர்ஜ் பெட்டியில் தடவித் தடவிப் பின்னாலேயே வந்தார்:

*மூக்கைச் சீறினாக் கறுப்பு, முகம் கழுவினாக் கறுப்பு,*
*மூண்டு தரம் கை கழுவியும் சோத்தில அந்த மணம்.*
*ஆரோ ஒருத்தன்ர கையில என்ர மினுக்கம் மினுங்குது,*
*என்ர விரல்ல ரேகை இல்லை, அதை அவன் கட்டிக்கொண்டு போறான்.*

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. மூக்கு, கறுப்பு, சோறு, விரல்: எல்லாம் முதலாம் வகுப்புப் பிரெஞ்சு. கடைசி வரியைச் சொன்னதும் ஜோர்ஜின் பெட்டி பாதி மூச்சில் நின்றது. நோர்மா தன் கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் மூன்று நான்கு பேர் அப்படியே பார்த்தார்கள். பிறகு நோர்மா திடீரென்று ஸ்பானிய மொழியில் கத்தினார். தூஷணம் என்று நினைக்கிறேன். மாமாவின் அடி பதிவாகவே இல்லை. தொலைபேசி இடையில் பூட்டிக்கொண்டுவிட்டது, விரல் வைத்தால் அவருக்கும் திறக்காது, இலக்கம் அழுத்துவதற்குள் மாமா பாடி முடித்துவிட்டார்.

“திரும்பப் பாடடா!” என்றார் நோர்மா.

இரண்டாவது தடவை மாமா இன்னும் சத்தமாகப் பாடினார். முடிந்ததும் நோர்மா அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “இப்ப இதில நீ நிக்கிறாய்” என்றார். அம்மா நேரே அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் இந்த முறை ‘அங்கால பாக்காதை’ என்று சொல்லவும் இல்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: தடித்த ஜக்கெட் கட்டாயம், கார்த்திகையிலேயே பனி. பனிச் சப்பாத்தோடு போங்கள், ஆடுவதற்கு வழுக்கும் அடியுள்ள இன்னொரு சோடி பையில் இருக்கட்டும். ஆடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாடும் நேரம் மூன்று மணிக்குப் பிறகுதான், சும்மா இருந்து கேட்கலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போவது புத்தி. வரிகள் விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், கேட்டால் நிறுத்த மாட்டார்கள். என் கட்டுரை பத்து வரியில் முடியவில்லை. நாற்பது பக்கம் தாண்டிவிட்டது, வாத்தியார் இன்னும் கண் கலங்கிக்கொண்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் பீலில் ரயில் மாறி ஏறினோம். நான் பாட்டுக் கேட்க இயர்ஃபோனைக் காதில் செருகுவதற்கு எடுத்தேன். அம்மா ஓல்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். நான் பிறக்கும் முன்பிருந்து. அதற்குமேல் அந்த வேலையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, கேட்டதும் இல்லை. ரயில் புறப்பட்டதும் ஜன்னலைப் பார்த்தபடி, மெட்டே இல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

“ஒவ்வொரு விடியவும் இல்லத்தில ஒரு கிழவரை நான்தான் தூக்கி இருத்துறன். ஒவ்வொரு விடியவும் அவர் என்னை மரியா எண்டுறார். முந்தித் திருத்திறனான். இப்ப மரியா எண்டாலே ஓம் எண்டுறன்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “இது பாட்டாகுமோடி?” என்று கேட்டார்.

ஆகையால் கடைசி ஆலோசனை இதுதான். அந்த ஊருக்குத் தனியாகப் போகாதீர்கள், வேலைக்குப் போகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது காதில் எதையும் செருகாதீர்கள்.